வர்ணனைக்குக் காதுதான் முதலீடு

வாரம் தவறாமல் என் வாட்ஸாப்புக்குக் குரல் பதிவுகள் வருகின்றன. அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். "அண்ணா, டிவியில கமெண்ட்ரி பண்ணணும்னு ஆசை. கேட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று இருக்கும். கூடவே ஒரு நிமிடப் பதிவு. அந்த ஒரு நிமிடத்தில் எல்லாருமே ஒரு கபடி ஆட்டத்தின் கடைசி ரைடைத்தான், அதாவது ஒருவர் எதிரணிக் களத்துக்குள் பாடிப் போகும் கடைசி முறையைத்தான், பேசியிருப்பார்கள். குரல் உச்சத்தில் இருக்கும், ஒரு பஞ்ச் வசனம் இருக்கும், அத்தோடு முடிந்துவிடும்.

அவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். முதல் பாதியின் நடுவிலிருந்து பத்து நிமிடம் பேசி அனுப்புங்கள். கடைசி ரைடை ஆட்டமே தூக்கிக்கொண்டு போய்விடும். அங்கே யார் பேசினாலும் எடுபடும். ஆள் எடுக்கிற தயாரிப்பாளர் கேட்க நினைப்பது வேறு. ஸ்கோர் 9–8. இரண்டு பக்கமும் வெறும் ரைடாகப் போய்க்கொண்டிருக்கிறது. பாயிண்ட் இல்லை, அவுட் இல்லை, கூட்டமும் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த மூன்று நிமிடத்தை நீங்கள் எப்படிக் கொண்டு போகிறீர்கள் என்பதில்தான் ஆள் தேறுவாரா என்று அவருக்குத் தெரியும்.

பதிவு செய்யும்போது டிவியின் சத்தத்தை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள வர்ணனை காதில் விழுந்தால் அதன் இழுவை உங்கள் வாயில் ஒட்டிக்கொள்ளும். வெட்டி ஒட்டாமல் ஒரே மூச்சாகப் பேசுங்கள். போனில் பதிந்தால் போதும், மைக் எல்லாம் வாங்க வேண்டாம். மறுநாள் படத்தைப் பார்க்காமல் அதைக் கேளுங்கள். அடுப்படியில் வேலையாக இருக்கும் ஒருவர் உங்கள் குரலை மட்டும் கேட்டால், யார் முன்னிலை, எத்தனை நிமிடம் பாக்கி, களத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரிகிறதா? தெரிகிறது என்றால் அந்தப் பதிவை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம்.

நான் கிரிக்கெட்டும் பேசுகிறேன், கபடியும் பேசுகிறேன். என்னை ஆளாக்கியது கபடி. தூத்துக்குடி மாவட்டத்தில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பொங்கலை ஒட்டி விடிய விடிய நடக்கும் தொடர் போட்டிகளில்தான் முதலில் மைக் பிடித்தேன். மண்ணை நனைத்து, சுண்ணாம்பில் கோடு போட்டு, நாலு மூலையிலும் கம்பம் நட்டு விளக்குக் கட்டியிருப்பார்கள். 55 கிலோ, 65 கிலோ என்று எடைப் பிரிவு வைத்து நடத்துவார்கள். அங்கே மைக் பிடிப்பவருக்கு மூன்று வேலை. ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். பரிசு கொடுத்தவர்களின் பெயரை விடாமல் வாசிக்க வேண்டும். கூட்டம் கோட்டுக்குள் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும்.

எனக்கு மைக்கைக் கையில் கொடுத்தது எங்கள் ஊர் மைக் செட் அண்ணாச்சி. அவர் சொல்லித் தந்த முதல் பாடம் இது: "ஏல தம்பி, பேரை மொதல்ல சரியாச் சொல்லு. கோப்பை கொடுத்தவரு பேரும் சரி, காலைப் புடிச்சவன் பேரும் சரி. ஒரு பேரு மாறிச்சுன்னா அவன் ஊரே கோவிச்சுக்கிடும்."

அதனால் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே ஒவ்வொரு அணியிடமும் போய் உட்கார்ந்துவிடுவேன். பெயர் என்ன, ஊரில் எப்படிக் கூப்பிடுவார்கள், எந்தப் பக்கம் நிற்பார், போன வருடம் எந்த அணிக்கு ஆடினார். ஒரே அணியில் இரண்டு முருகன் இருப்பார்கள். பெரிய முருகன், சின்ன முருகன் என்று அவர்களே பிரித்துச் சொல்லிக் கொடுப்பார்கள். இந்தப் பழக்கம் டிவிக்கு வந்த பிறகும் போகவில்லை. புரோ கபடி லீக் தொடரில் ஃபசல் அத்ராச்சலி, முகமதுரேசா ஷாட்லூயி என்று ஈரான் வீரர்கள் வந்தபோது, அவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே சொல்லும் பேட்டிகளைத் தேடிக் கேட்டு, காதில் விழுந்தபடி தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன். பெயரைச் சரியாகச் சொல்வது அந்த வீரருக்கு நாம் கொடுக்கிற முதல் மரியாதை. அதில் அசட்டையாக இருக்கும் வர்ணனையாளர் வேறு எதில் கவனமாக இருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணாச்சியிடம் கற்ற இன்னொரு பாடம், நடுவர் கையைத் தூக்கும்வரை தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது. கிராமத்தில் மைக்காரன் அவசரப்பட்டு "அவுட்டு" என்று சொல்லி, நடுவர் இல்லை என்று சொன்னால் நாற்காலி பறக்கும். இரண்டு ஊர்க்காரர்களும் மைக்கைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். டிவியில் நாற்காலி பறக்காது. ஆனாலும் கோட்டை மிதித்தாரா இல்லையா என்பது அகன்ற காட்சியில் தெரியவே தெரியாது. "நடுவர் பார்க்கிறார்... கோட்டுக்குப் பக்கத்தில் கால்... தீர்ப்புக்குக் காத்திருப்போம்" என்று சொல்லி நிறுத்தினால் ஒன்றும் குறைந்துவிடாது. ரசிகரும் நம்மோடு சேர்ந்து காத்திருப்பார். அந்தக் காத்திருப்பே விறுவிறுப்பாக இருக்கும்.

இடையில் சில காலம் வானொலியிலும் பேசினேன். அப்துல் ஜப்பார், கூத்தபிரான் போன்றவர்களின் கிரிக்கெட் வர்ணனையைக் கேட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. ஜப்பார் ஐயா 2020 டிசம்பரில் காலமானார். அவர் பேசினால் மைதானத்தின் எந்த மூலையில் பந்து போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே காட்ட முடியும். வானொலியில் இரண்டு நொடி பேசாமல் விட்டால் பெட்டி கெட்டுவிட்டதோ என்று கேட்பவர் குமிழைத் திருக ஆரம்பிப்பார். அதனால் அங்கே வாய் ஓயக் கூடாது. டிவிக்கு வந்ததும் முதலில் விட வேண்டிய பழக்கமும் அதுதான். வானொலியிலிருந்து வருகிற எல்லாருக்கும் இது கஷ்டம். ரைடர் கையை நீட்டுவது திரையில் தெரிகிறது. "கையை நீட்டுகிறார்" என்று சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்தக் கை எதற்காக நீள்கிறது, போன ரைடில் ஏன் நீளவில்லை என்று சொன்னால் அதில் பொருள் இருக்கிறது.

தமிழில் விளையாட்டுத் தொலைக்காட்சி ஒரு தொழிலாகவே மாறியது 2016, 2017-ஐ ஒட்டித்தான். 2016-இல் டிஎன்பிஎல், அதாவது தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட், தொடங்கியது. திண்டுக்கல் பக்கம் நத்தத்திலும் திருநெல்வேலி பக்கம் சங்கர் நகரிலும் கேமரா வைத்து நேரடி ஒளிபரப்பு நடப்பதை எங்கள் பக்கத்துப் பையன்கள் கண்ணால் பார்த்தார்கள். 2017-இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழுக்கென்று தனிச் சேனல் கொண்டுவந்தது. அதே வருடம் புரோ கபடியின் ஐந்தாவது சீசனில் தமிழ்நாட்டு அணியான தமிழ் தலைவாஸ் உள்ளே வந்தது. அடுத்து 2018 முதல் 2022 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமைக்கு அதே நிறுவனம் 16,347.5 கோடி ரூபாய் கொடுத்தது. அவ்வளவு பணத்தைத் திரும்ப எடுக்க ஆங்கிலமும் இந்தியும் மட்டும் போதாது. ஒவ்வொரு மொழி வீட்டிலும் ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தமிழ், தெலுங்கு, கன்னடம், வங்காளம் எல்லாம் சேர்ந்தது அப்படித்தான். எங்கள் பிழைப்பு இந்தக் கணக்கில் நிற்கிறது என்பதை இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. உரிமை கைமாறினால் நம் வேலையும் கைமாறும்.

வர்ணனையாளர் என்றால் மைதானத்தில் உட்கார்ந்து பேசுகிறார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தமிழ் வர்ணனையில் பெரும்பகுதி மும்பை ஸ்டூடியோவில் ஒரு சின்ன அறையில் நடக்கிறது. சுவரெல்லாம் சத்தம் உறிஞ்சும் பஞ்சு. மேசையில் இரண்டு திரை. ஒன்றில் நேயர் பார்க்கும் அதே படம், இன்னொன்றில் புள்ளிவிவரம். தலையில் ஹெட்செட். இருமல் வந்தால் அமுக்க ஒரு பொத்தான், தயாரிப்பாளரிடம் மட்டும் பேச இன்னொரு பொத்தான். பக்கத்தில் முன்னாள் வீரர் ஒருவர்.

காதுக்குள் நடப்பதுதான் உண்மையான வேலை. ஒரு பக்கம் மைதானத்தின் சத்தமும் கூட இருப்பவரின் குரலும். இன்னொரு பக்கம் டாக்பேக்கில், அதாவது எங்கள் காதுக்கு மட்டும் கேட்கும் இணைப்பில், தயாரிப்பாளர்: "அடுத்து ரீப்ளே வருது... விளம்பர வரி ஒண்ணு இருக்கு, இந்த ரைடு முடிஞ்சதும் வாசிச்சிடுங்க... பிரேக்குக்குப் பத்து, ஒன்பது, எட்டு..." அவர் எண்ணிக்கொண்டே இருப்பார், நான் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், பூச்சியத்தில் என் வாக்கியம் முடிந்திருக்க வேண்டும். ஒரு நொடி முந்தினால் மௌனம். ஒரு நொடி பிந்தினால் பாதி வாக்கியத்தில் விளம்பரம் வந்து வெட்டிவிடும்.

இதற்குப் பயிற்சி வீட்டிலேயே செய்யலாம். தங்கையோ தம்பியோ பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைச் சத்தமாக வாசிக்கட்டும். நீங்கள் ஒரு ஆட்டத்தைப் பேசுங்கள். பேசி முடித்ததும் அவர் என்ன வாசித்தார் என்று சொல்ல வேண்டும். முதலில் இரண்டும் குழம்பும். ஒரு மாதம் விடாமல் செய்தால் காது இரண்டாகப் பிரிந்து வேலை செய்ய ஆரம்பிக்கும். நான் அப்படித்தான் பழகினேன். இன்றைக்கும் சீசனுக்கு முன்னால் என் மனைவி எனக்காக உட்கார்ந்து வாசிக்கிறார்.

ஸ்டூடியோவில் இன்னொரு சிக்கல் உண்டு. இயக்குநர் காட்டுவதைத்தான் நாம் பார்க்க முடியும். கபடியில் ஒரு ரைடு முடிந்தால் ஐந்து நொடிக்குள் அடுத்த ரைடு தொடங்கிவிட வேண்டும். கிரிக்கெட் மாதிரி ஓவர் இடைவெளி கிடையாது. திரையில் ரீப்ளே ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த ரைடர் கோட்டைத் தாண்டியிருப்பார். படம் திரும்ப வரும்போது அவர் யார் என்று உடனே சொல்ல வேண்டும். முகம் தெரியாது, முதுகு எண்ணும் சில நேரம் மறைந்திருக்கும். அதனால் ஆளை நடையை வைத்து அடையாளம் காணப் பழகினேன். ஒருவர் வலது தோளைச் சாய்த்துக்கொண்டு நுழைவார், ஒருவர் நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வருவார், ஒருவர் முழங்கால் பட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார். சீசன் தொடங்கும் முன் பழைய ஆட்டங்களைப் பார்த்து ஒவ்வொரு ரைடருக்கும் இப்படி ஒரு வரி எழுதி வைப்பேன். எந்தப் புள்ளிவிவரத் தாளைவிடவும் எனக்கு அதிகம் உதவியது இந்த ஒரு வரிதான்.

வாக்கியம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் வினை கடைசியில்தான் வரும். "இடது கார்னரில் நிற்கும் வீரரின் தோளைத் தன் வலது கையால்..." என்று (கார்னர் என்பது தடுப்பு வரிசையின் ஓர முனை) இலக்கணமாகத் தொடங்கினால், வினைக்கு வருவதற்குள் ரைடர் திரும்பிப் போய் உட்கார்ந்திருப்பார். அதனால் ரைடு நடக்கும்போது வினையை முன்னே இழுத்துவிட வேண்டும். "தொட்டாச்சு! கார்னரைத் தொட்டாச்சு!" "பிடிச்சுட்டாங்க, கணுக்காலை!" எங்கள் ஊர் மைக்காரர்கள் காலம் காலமாக இப்படித்தான் பேசுகிறார்கள். முழு வாக்கியத்துக்கு இடம் ரீப்ளே. அங்கே நிதானமாக, எழுவாய் பயனிலையோடு, ஏன் நடந்தது என்று விளக்கலாம். புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நேரடி ரைடில் விளக்குகிறார்கள், ரீப்ளேயில் கத்துகிறார்கள்.

பேசாமல் இருக்கும் கலைக்கு, கிரிக்கெட் வீரராக இருந்து வர்ணனையாளரான ஆஸ்திரேலியர் ரிச்சி பெனோவைத்தான் எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். படத்தில் இருப்பதோடு சேர்க்க ஏதாவது இருந்தால் பேசு, இல்லையென்றால் சும்மா இரு என்பது அவர் கொள்கை. எனக்கு அவரிடம் அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. 1956-இல் ஆஸ்திரேலிய அணியோடு இங்கிலாந்து போனவர், தொடர் முடிந்ததும் லண்டனிலேயே தங்கி பிபிசியின் தொலைக்காட்சிப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தார். டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்த வீரர், பேசுவது தனித் தொழில் என்று உணர்ந்து மாணவராகப் போய் உட்கார்ந்திருக்கிறார். ஆட்டம் தெரிந்தால் போதும், பேச்சு தானாக வரும் என்று நினைக்கிற முன்னாள் வீரர்களுக்கு நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

கபடியில் மௌனத்துக்கு ஒரு தனி இடம் இருக்கிறது. ஆடுதள விரிப்புக்குப் (மேட்) பக்கத்தில் வைத்திருக்கும் மைக்கில் ரைடர் பாடுகிற "கபடி கபடி கபடி" தெளிவாக விழும். அணியின் இரண்டு ரைடு தொடர்ந்து வெறுமையாகப் போய் மூன்றாவது ரைடு, பாயிண்ட் எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் ரைடர் அவுட், முப்பது நொடியில் பத்து நொடிதான் பாக்கி. அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொள்வேன். பாட்டு வேகமாகும், மூச்சு இழுபடும், எதிரணியில் ஒருவர் "விடாத, விடாத" என்று கத்துவது கேட்கும். கிராமத்து ஆட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாட்டை வைத்தே ரைடர் பயப்படுகிறாரா, பதுங்குகிறாரா என்று தெரியும். அதன்மேல் நான் ஏறிப் பேசினால் அவர்கள் ஆட்டத்தில் பாதியை நான் பிடுங்கிக்கொண்டதாக ஆகும். 2021–22 சீசன் கொரோனாவால் பார்வையாளர் இல்லாமல் பெங்களூரில் ஒரே இடத்தில் நடந்தபோது இது எனக்கு இன்னும் நன்றாகப் புரிந்தது. கூட்டச் சத்தம் இல்லாத அரங்கில் வீரர்களின் குரல்தான் ஆட்டத்துக்கு உயிர் கொடுத்தது.

தயாரிப்பு என்றால் சாதனைகளை மனப்பாடம் செய்வது என்று நினைத்துவிடாதீர்கள். கபடியில் முதலில் தெரிய வேண்டியது களத்தில் எத்தனை பேர் என்பது. தடுக்கும் அணியில் ஆறு பேரோ ஏழு பேரோ நின்றால்தான் போனஸ், அதாவது போனஸ் கோட்டைக் கடந்தால் ரைடருக்கு ஒரு பாயிண்ட், உண்டு. மூன்று பேர், அதற்கும் குறைவு என்றால் பிடிக்கு ஒரு பாயிண்ட் கூடுதல், அதாவது சூப்பர் டேக்கிள். எல்லாரும் போனால் ஆல் அவுட், இரண்டு பாயிண்ட் கூடுதல். ஆக, ஆறு ஐந்தாகும்போதும் நாலு மூன்றாகும்போதும் ஆட்டமே மாறுகிறது. நான்கு பேர் நிற்கும்போது ஒருவர் அவுட்டானால், "ஆள் குறைஞ்சாச்சு, ஆனா இப்போ பிடிச்சா ரெண்டு பாயிண்ட்" என்று அடுத்த ரைடுக்கு முன் சொல்லிவிட்டால் போதும். புதிதாகப் பார்க்க உட்கார்ந்த பாட்டிக்கும் ஆட்டம் புரிந்துவிடும். என் தாளில் ஓரத்தில் இரண்டு பக்க எண்ணிக்கையையும் பென்சிலால் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டே இருப்பேன். திரையில் கிராஃபிக்ஸ் இருக்கிறதே என்பார்கள். அது ஒரு நொடி பிந்தித்தான் மாறும்.

விதிப் புத்தகம் வர்ணனையாளரின் பையில் இருக்க வேண்டும் என்பதற்கு 2023 அக்டோபர் 7 ஒரு பெரிய சாட்சி. ஹாங்சோ ஆசியப் போட்டியில் ஆண்கள் கபடி இறுதி, இந்தியாவும் ஈரானும். ஸ்கோர் 28–28, கிட்டத்தட்ட ஒரு நிமிடம்தான் பாக்கி. இந்திய ரைடர் பவன் செராவத் யாரையும் தொடாமல் லாபிக்குள், அதாவது களத்தின் பக்கவாட்டு ஓரப் பட்டைக்குள், போகிறார், அவரைத் துரத்தி ஈரான் வீரர்களும் லாபிக்குள் போகிறார்கள். யாருக்கு எத்தனை பாயிண்ட்? பழைய விதிப்படி ஒரு கணக்கு, புதிய விதிப்படி வேறு கணக்கு. தீர்ப்பு மாறி மாறி வந்தது. இரண்டு அணியும் ஆடுதளத்திலேயே உட்கார்ந்துவிட்டன. ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் இந்தியா 33–29 என்று தங்கம் வென்றது.

அன்று எனக்கு வேலை இல்லை. வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் நின்றதும் எனக்கு வந்த போன்களுக்குக் கணக்கே இல்லை. எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "லாபி விதி என்ன?" ஆவேசமான வசனம் அந்த ஒரு மணி நேரத்துக்கு எதற்கும் உதவாது. விதி எது, எந்தப் போட்டியில் எது செல்லும், நடுவர்கள் எதைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொறுமையாகச் சொல்லத் தெரிந்தவர்தான் அங்கே தேவை. சர்வதேச விதியும் புரோ கபடி விதியும் எங்கெங்கே வேறுபடுகின்றன என்று ஒரு பக்கத்தில் எழுதி எப்போதும் கையில் வைத்திருங்கள். பத்து வருடத்தில் ஒரு நாள்தான் தேவைப்படலாம். அந்த ஒரு நாளை ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்.

தோற்கிற அணிக்காகப் பேசுவது பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் தமிழ் வர்ணனையாளர்களுக்கு அதில் நல்ல அனுபவம் உண்டு. 2017-இல் வந்த தமிழ் தலைவாஸ் முதல் நான்கு சீசனில் பிளே ஆஃப் பக்கமே போகவில்லை. 2016 உலகக் கோப்பை இறுதியில் ஈரானுக்கு எதிராக இந்தியாவைத் தூக்கி நிறுத்திய அஜய் தாக்கூர் மாதிரி ஒரு தலைவர் இருந்தும் அணி அடியில்தான் கிடந்தது. நேயர் கோபமாக இருப்பார். அவரைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்லக் கூடாது. பத்து பாயிண்ட் பின்னால் இருக்கும்போது "இன்னும் முடியலை" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் நம்மேல் நம்பிக்கை போய்விடும். அதே நேரம் அணியைக் குத்திப் பேசுவதும் நம் வேலை இல்லை. நான் ஒரு வீரரைப் பிடித்துக்கொள்வேன். அணி தோற்றாலும் தடுப்பு வரிசையில் நிற்கும் ஒரு பையன் நன்றாக ஆடிக்கொண்டிருப்பான், அவன் ஊர், அவன் பிடி, போன ஆட்டத்தைவிட இன்று என்ன மாற்றியிருக்கிறான் என்று நேயரை அவன் பக்கம் திருப்புவேன். 2022-இல் முதல்முறையாக பிளே ஆஃபுக்குப் போய், உபி யோதாஸை டை பிரேக்கரில் வென்று அரையிறுதிக்கு வந்தபோது, அத்தனை வருடம் கூடவே இருந்த நேயர்களின் மகிழ்ச்சியில் எங்களுக்கும் பங்கு இருந்ததாக நினைக்கிறேன்.

தொண்டை. இதில் யாரும் விளையாட வேண்டாம். கபடி ஆட்டம் நாற்பது நிமிடம்தான், ஆனால் ஒரே இரவில் இரண்டு மூன்று ஆட்டம் இருக்கும். மூன்றாவது நிமிடத்திலேயே உச்சத்துக்குப் போனால் முப்பத்தொன்பதாவது நிமிடத்துக்கு என்ன மிச்சம் இருக்கும்? நான் முதல் பாதியில் பேசும் உயரத்தைத் தாண்ட மாட்டேன். சத்தத்தைக் கூட்டுவதற்குப் பதில் வேகத்தைக் கூட்டுவேன். வெதுவெதுப்பான தண்ணீர், இரவில் ஆவி, ஐஸ் கிடையாது. அடிக்கடி தொண்டையைச் செருமுவதும் கெடுதல்தான் என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் சொன்ன நாளிலிருந்து, செரும வேண்டும்போல் இருந்தால் ஒரு வாய் தண்ணீர் விழுங்குகிறேன். குரல் கட்டியிருக்கும் நாளில் கிசுகிசுப்பாகப் பேசாதீர்கள். அதுவும் குரல்நாணுக்குப் பாரம். பேசாமலே இருங்கள்.

பணம் பற்றி வெளிப்படையாகப் பேச இந்தத் தொழிலில் கூச்சப்படுகிறார்கள். நாங்கள் யாரும் மாதச் சம்பளக்காரர்கள் அல்ல. ஆட்டத்துக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம். விளையாட்டு வர்ணனையாளர்களையும் தொழில்முறைச் சேவை செய்பவர்களாக 2008-இல் வருமான வரித் துறை அறிவித்தது. அதனால் கட்டணத்தில் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துத்தான் வரும். அதைக் கணக்கில் வைத்தே தொகை பேசுங்கள், வருடக் கடைசியில் கணக்குத் தாக்கல் செய்து மிச்சத்தைத் திரும்ப வாங்குங்கள். கையெழுத்துப் போடும் முன் நான்கு விஷயம் கேளுங்கள்: எத்தனை நாளில் பணம் வரும், ஆட்டம் ரத்தானால் அந்த நாளுக்கு என்ன, டிக்கெட்டும் தங்குமிடமும் யார் பொறுப்பு, இந்தக் காலத்தில் வேறு சேனலில் பேசலாமா கூடாதா. ஒரு தயாரிப்பு நிறுவனத்திடமிருந்து எனக்கு வர வேண்டிய தொகை அடுத்த சீசன் தொடங்கிய பிறகுதான் வந்தது. ஒப்பந்தத்தில் நாள் குறிக்கப்பட்டிருந்ததால்தான் அதையாவது கேட்க முடிந்தது.

2020-இல் புரோ கபடி சீசனே நடக்கவில்லை. அந்த வருடத்தைத் தாண்டியவர்கள் கையில் இன்னொரு தொழில் வைத்திருந்தவர்கள்தான். எனக்கு விளம்பரக் குரலும் ஆவணப்பட வாசிப்பும் சோறு போட்டன. ஒரு சீசன் பணம் கைக்கு வந்ததும் ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். மனைவியிடமும் பெற்றோரிடமும் அட்டவணையை முன்னாலேயே காட்டிவிடுங்கள். சீசன் மார்கழி, தை என்று விழுந்தால் பொங்கலுக்கு ஊரில் இருக்க முடியாது. அது தெரிந்து வருவது வேறு, தெரியாமல் வந்து சண்டை போடுவது வேறு.

கடைசியாக, பக்கத்தில் உட்காரும் முன்னாள் வீரர். அவரிடம் "எப்படி இருந்துச்சு சார் அந்த டேக்கிள்?" என்று கேட்டால் "அருமை" என்றுதான் பதில் வரும். கேள்வியில் தவறு, பதிலில் இல்லை. ஒரு முன்னாள் கார்னர் வீரர் எங்களோடு பேச வந்தார். ஆளோ அதிகம் பேசாதவர். முதல் ஆட்டம் முழுக்க ஒற்றை வார்த்தைகள்தான். இடைவேளையில் டீ குடிக்கும்போது கேட்டேன்: "அண்ணே, கணுக்கால் பிடிக்கிறப்போ நீங்க ரைடரோட எதைப் பார்ப்பீங்க?"

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றே காட்டினார். "கண்ணைப் பார்த்தா ஏமாத்திடுவான் தம்பி. கையும் பொய் சொல்லும். முன்கால் பாதத்தைப் பாரு. அது நடுக்கோட்டுப் பக்கம் திரும்புச்சுன்னா வீட்டுக்குக் கிளம்பிட்டான்னு அர்த்தம். அப்போ எடை பூரா ஒத்தைக் காலுல இருக்கும். அந்தக் காலைத்தான் எடுக்கணும்." இரண்டாவது பாதியில் ரீப்ளே வந்ததும் அதே கேள்வியை மைக்கில் கேட்டேன். அவரும் அதே மாதிரி பேசினார், கையை ஆட்டிக்கொண்டு. தயாரிப்பாளர் டாக்பேக்கில், "அவரை விடாதீங்க, இன்னொரு ரீப்ளே தர்றேன்" என்றார்.

அன்றிலிருந்து நானும் ரைடர் உள்ளே வந்ததும் முதலில் பாதத்தைப் பார்க்கிறேன். பாதம் திரும்பினால் "கிளம்பப் பார்க்கிறார்" என்று பிடி விழுவதற்கு முன்பே சொல்லிவிட முடிகிறது. அவருக்கு அடுத்து வந்த ஒவ்வொரு முன்னாள் வீரரிடமும் ஆட்டத்துக்கு முன்னால் அந்த மாதிரி ஒரு கேள்வியாவது கேட்டுவிடுகிறேன். பதிலைத் தாளின் மேல் ஓரத்தில், அவர் சொன்ன வார்த்தையிலேயே, எழுதி வைத்துக்கொள்கிறேன்.